மழையை எழுதி வைத்தவர்களும் வெள்ளத்தில் நின்றவர்களும்



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு செயற்றிட்டம் கொடுத்திருந்தேன். தலைப்பு, "எங்கள் ஊருக்கு வெள்ளம் வந்த வருடங்கள்". வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னேன். நன்றாகவே எழுதி வந்தார்கள். 1957 மார்கழி வெள்ளம், 1978 சூறாவளி, 2004 சுனாமி என்று ஒன்றும் விடுபடவில்லை. எங்கள் பக்கத்தில் வயதைக்கூட அப்படித்தானே சொல்வோம். "சூறாவளிக்கு அடுத்த வருஷம் பிறந்த பிள்ளை" என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

ஒரு பிள்ளை மட்டும் எழுந்து கேட்டாள்: "சேர், உம்மும்மா இடுப்பளவு தண்ணி எண்டு சொல்றா, பக்கத்து வீட்டு மூத்தவாப்பா கழுத்தளவு எண்டு சொல்றாரு. சரியா எத்தின அடி வந்திச்சி எண்டு எங்க பாக்கலாம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த கிழமை இரண்டு அலுவலகங்களுக்கு ஏறி இறங்கினேன். ஒன்றில் இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "புத்தகம் இரிக்கி சேர். ஆனா குடுக்கேலா. மேல கேக்கணும்" என்றார். மற்ற இடத்தில் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று மூன்று பேர் மூன்று தடவை கேட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மழைக் கணக்கு வேண்டும் என்று சொன்னபோது அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"புத்தகம் இரிக்கி, குடுக்கேலா." அந்த வசனம் மனதில் கிடந்து குடைந்தது. இந்த நாட்டில் எழுதி வைக்கிற பழக்கம் எப்போது தொடங்கியது, எழுதியதை மக்களுக்குக் காட்டாத பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடி வாசித்தேன். வாசித்ததில் எங்களுக்குத் தொடர்பானதை எழுதுகிறேன்.

ஒல்லாந்தர் காலத்திலிருந்து தொடங்கலாம். 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் கரையோர மாகாணங்களில் தோம்பு எழுதினார்கள். ஒரு தோம்பில் காணி, மற்றதில் ஆட்கள். யாருக்கு எவ்வளவு நிலம், அதில் எத்தனை தென்னை, எத்தனை பலா, வீட்டில் எத்தனை பேர், அவர்கள் அரசுக்குச் செய்ய வேண்டிய கடமை என்ன என்று எல்லாம் பதிந்தார்கள். கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்தில் அந்தத் தோம்புகள் இன்றும் இருக்கின்றன. பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள், எழுத்து அவ்வளவு நேர்த்தி.

ஆனால் அந்த நேர்த்தி எங்கள் நன்மைக்கு அல்ல. அந்தக் காலத்தில் சோனகரிடமும் செட்டிமாரிடமும் "ஊழியம்" என்று ஒன்று வாங்கினார்கள். கட்டாய வேலை, இல்லாவிட்டால் அதற்குப் பதிலாகக் காசு. ஆளை எண்ணுவது அவனிடமிருந்து எதையாவது எடுப்பதற்காகத்தான். பேரைப் பதிய வந்தால் எங்கள் பழைய ஆட்கள் கதவுக்குப் பின்னால் ஒளிந்ததாகச் சொல்வார்களே, அதைச் சும்மா பயந்த குணம் என்று நான் நினைக்கவில்லை.

ஆங்கிலேயர் வந்த பிறகு இரண்டு விதமான எழுத்து நடந்தது. இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள், பிறகு தேவைப்படும்.

முதலாவது, மக்களுக்குச் சொல்லும் எழுத்து. 1802 மார்ச் 15 அன்று முதலாவது அரசாங்க வர்த்தமானி வெளியானது. அப்போது தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை வர்த்தமானி வந்துவிட்டதா என்று வேலை தேடும் பிள்ளைகள் பார்க்கிறார்களே, அதன் மூத்தவாப்பா அதுதான். வர்த்தமானியில் அரசாங்கம் தான் முடிவு செய்ததைச் சொல்லும். ஏன் முடிவு செய்தது, எந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்தது என்பது அதில் வராது.

இரண்டாவது, மேலிடத்துக்குச் சொல்லும் எழுத்து. 1820களிலிருந்து ஒவ்வொரு வருடமும் "நீலப் புத்தகம்" என்று ஒன்று லண்டனுக்குப் போனது. வருமானம், செலவு, பாடசாலை, கூலி, விளைச்சல், சிறைச்சாலை என்று எல்லாம் அட்டவணையாக இருக்கும். இதைவிட சுவாரசியமானது அரசாங்க அதிபர்கள் எழுதிய நாட்குறிப்பு. கச்சேரியில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஒவ்வொரு நாளும் எங்கே போனேன், என்ன பார்த்தேன், எந்தக் குளம் உடைந்தது என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃப் எழுதிய குறிப்புகள் பிரசித்தமானவை. உப்பு எத்தனை அந்தர் சேர்ந்தது, மாட்டு நோய் எந்தக் கிராமத்தில் பரவியது, சேனைக்காரன் ஏன் பட்டினி கிடக்கிறான் என்பதெல்லாம் அதில் உண்டு. அந்த நாட்குறிப்புப் புத்தகமாகப் பொதுமக்கள் கைக்கு வந்தது 1960களின் தொடக்கத்தில். ஐம்பது வருடம். தன் ஊரைப் பற்றித் துரை என்ன எழுதினார் என்று தெரியாமலே அந்த ஊரில் ஒரு தலைமுறை மௌத்தாகிவிட்டது.

மழைக் கணக்கும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். 1800இல் தொடங்கிய நில அளவைத் திணைக்களம் 1860களின் பிற்பகுதியில் ஒழுங்காக மழையை அளக்கத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் மட்டக்களப்பு பழைய நிலையங்களில் ஒன்று. 1907இல் கொழும்பு வானிலை ஆய்வு நிலையம் வந்தது. சுதந்திரத்தோடு அது தனித் திணைக்களமாயிற்று. நீர்ப்பாசனத் திணைக்களம் 1900இல் தொடங்கியது. ஆக இந்த மண்ணில் பெய்த மழைக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட எழுத்துக் கணக்கு உண்டு. என் மாணவிக்கு மட்டும்தான் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்திலேயே அரசாங்கத்தின் எண் ஒன்று நேராக ஏழையின் கைக்கு வந்ததென்றால் அது புகையிரத நேர அட்டவணை என்றுதான் நினைக்கிறேன். 1864 டிசம்பர் 27 அன்று கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் வண்டி ஓடியது. நேரத்தை ஒளித்து வைத்துக்கொண்டு ரயில் ஓட்ட முடியாது. சுவரில் ஒட்டத்தான் வேண்டும், கட்டணத்தையும் எழுதத்தான் வேண்டும். 1928இல் மட்டக்களப்பு வரைக்கும் பாதை வந்தது, அதற்குத் தெற்கே எங்கள் கரைக்கு இன்றைக்கும் வரவில்லை. எங்களுக்குக் கிடைத்தது பஸ். 1958 ஜனவரி 1 அன்று பஸ்களை அரசாங்கம் எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையிடம் கொடுத்தது. பஸ் நிலையத்தில் டைம்கீப்பரின் கொப்பியைப் பார்த்திருப்பீர்கள். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எது வரவேயில்லை என்று எல்லாம் அதில் இருக்கும். கொப்பி முடிந்ததும் எங்கே போகிறது? அந்தக் கொப்பிகளை ஒரு வருடத்துக்குச் சேர்த்துப் பார்த்தாலே, எந்தக் கிராமத்துப் பிள்ளைகள் ஏன் தினமும் முதலாம் பாடத்துக்குப் பிந்தி வருகிறார்கள் என்பது எனக்கு விளங்கிவிடும். இது என் சொந்த ஆதங்கம், விடுங்கள்.

குடிசன மதிப்பீட்டுக்கு வருவோம். இலங்கையில் முதலாவது முறையான குடிசன மதிப்பீடு 1871 மார்ச் 27 அன்று நடந்தது. மொத்தம் 24 இலட்சத்து 380 பேர். 1901ஆம் ஆண்டு மதிப்பீட்டை நடத்தியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். கணக்கு அட்டவணையோடு நிற்காமல் நாட்டு மக்களின் வரலாற்றையே அந்த அறிக்கையில் எழுதினார். உத்தியோக அறிக்கை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று தோன்றும்.

எண்ணப்பட்டதால் எங்களுக்கு வந்த நன்மையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1889இல் சட்டவாக்க சபையில் முஸ்லிம்களுக்கென்று முதலாவது நியமன உறுப்பினராக எம்.சி. அப்துல் ரஹ்மான் அவர்கள் வந்தார்கள். இத்தனை ஆயிரம் பேர் இருக்கிறோம் என்று காட்ட ஓர் அரசாங்கப் புத்தகம் இல்லாமல் "எங்களுக்கும் ஓர் ஆசனம்" என்ற கோரிக்கை எவ்வளவு தூரம் போயிருக்கும்? 1911இல் "இலங்கைச் சோனகர்", "இந்தியச் சோனகர்" என்று பிரித்து எண்ணினார்கள். அந்தப் பிரிப்பு எத்தனை வாதங்களைக் கிளப்பியது என்பது தனிப் பதிவு.

எண்ணாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதையும் நாங்களே பார்த்தோம். 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் எண்ணியது 2012இல்தான். இடையில் 2001இல் 18 மாவட்டங்களில் மட்டும் முழுமையாக நடந்தது. அம்பாறை அதில் உண்டு, மட்டக்களப்பும் திருகோணமலையும் வடக்கும் இல்லை. அந்த 31 வருட இடைவெளிக்குள்தான் 1990 ஒக்டோபர் வருகிறது. வடக்கு முஸ்லிம்கள் சில மணி நேர, சில நாள் அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். எத்தனை பேர் என்று கேட்டால் 75,000 என்பார்கள், கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஓர் எண் இன்றுவரை இல்லை. புத்தளத்தில் முகாமில் பிறந்த பிள்ளைக்கு இன்று பிள்ளை இருக்கிறது. விரட்டப்பட்டவர்களின் தொகையே வாதத்துக்குரியதாக இருந்தால், மீள்குடியேற்றத்துக்கு வீடு எத்தனை என்று எதை வைத்துப் பேசுவது?

சுனாமியைப் பற்றி எழுதவே கை வராது. ஆனால் இந்தக் கதையில் அதைத் தாண்டிப் போக முடியாது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமாத்ராவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தபோது எங்கள் நேரம் காலை 7 மணிக்குக் கிட்ட. எங்கள் கரைக்கு அலை வந்தது எட்டரை, ஒன்பது மணியளவில். இடையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் கடற்கரை வட்டாரத்திலிருந்து பிரதான வீதிக்கு நடந்து வர எத்தனை நிமிடம் ஆகும்? உம்மாமார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாலும் அரை மணி நேரம் போதும். கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையில் நிலநடுக்கத்தைப் பதியும் கருவி ஒன்று அப்போதே இருந்தது. பூமி அதிர்ந்தது அதில் பதிவாகியது. பசிபிக் சமுத்திரத்தின் எச்சரிக்கை மையத்திலும் தெரிந்தது. அந்தப் பதிவைக் கல்முனைக்குடியில் வாசலில் நின்ற மனிதனிடம் கொண்டு வர ஒரு பாதை மட்டும் இருக்கவில்லை. கடல் உள்வாங்கியபோது மீன் பொறுக்கப் போன பிள்ளைகள் நினைவில் இருக்கிறார்கள். நாட்டிலேயே அதிக உயிர்களைக் கொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேல்.

அதற்குப் பிறகுதான் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது. இன்று ஆறுகளின் நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் ஒரு நாளில் பல தடவை வெளியிடுகிறது. மழைக் கணக்கு வருகிறது, மண்சரிவு எச்சரிக்கை வருகிறது. இது பெரிய மாற்றம். திணைக்களங்களைத் திட்டுவதற்காக இந்தப் பதிவை எழுதவில்லை. மழை இரவில் நனைந்துகொண்டு போய் நீர்மானியைப் பார்த்து எழுதும் சாதாரண ஊழியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி கொடுப்பானாக.

எழுதுவதையும் காட்டுவதையும் எப்போதும் ஒன்றாக நினைக்காத அரசாங்கம் ஒன்று எங்களிடம் இருந்தது. 1955இல் வந்த உத்தியோக இரகசியச் சட்டம் ஒரு பக்கம். உத்தியோகத்தர் வாய் திறக்கக் கூடாது என்ற நிர்வாக விதிகள் மறுபக்கம். அதை உடைத்தது பாராளுமன்றம் அல்ல, முதலில் சாதாரண ஆட்கள்தான்.

எப்பாவல என்ற ஊர் அனுராதபுர மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே பொஸ்பேற்றுப் படிவு உண்டு. 1990களின் கடைசியில் அதைத் தோண்டும் உரிமையை வெளிநாட்டு முதலீட்டில் ஒரு கம்பனிக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். அந்த ஊர் விவசாயிகளும் ஒரு பிக்குவுமாக ஏழு பேர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2000ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. முழுமையான ஆய்வு செய், அதன் முடிவை வெளியிடு, அதற்கு முன் ஒப்பந்தம் இல்லை என்றது நீதிமன்றம். நாட்டின் வளம் அரசாங்கத்தின் சொத்து அல்ல, மக்களுக்காக அது பொறுப்பில் வைத்திருப்பது என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். எங்கள் பாஷையில் சொன்னால் அமானிதம். காலிமுகத்திடலைக் குத்தகைக்குக் கொடுத்த விபரத்தைக் கேட்டு ஒரு சுற்றாடல் அமைப்பு வழக்குப் போட்டது. பேச்சுச் சுதந்திரத்துக்குள் தகவலைப் பெறும் உரிமையும் அடங்கும் என்று 2005இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

சட்டம் வரத்தான் காலம் எடுத்தது. 2004இல் ஒரு சட்டமூலம் தயாராக இருந்தபோது பாராளுமன்றம் கலைந்தது. 2011இல் கரு ஜயசூரிய கொண்டு வந்ததை வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். 2015இல் 19ஆவது திருத்தத்தில் தகவலுக்கான உரிமை அரசியலமைப்புக்குள் வந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்த உரிமை கையில் இருந்தும் நாங்கள் எரிந்த கதை ஒன்று உண்டு. அதை எழுதாமல் இந்தப் பதிவை முடித்தால் நான் என்ன வரலாற்று ஆசிரியர்?

2020 மார்ச் மாதக் கடைசியில் நீர்கொழும்பில் கொரோனாவால் மௌத்தான ஒரு முஸ்லிம் சகோதரரின் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11 அன்று வர்த்தமானி வந்தது: எரிப்பது கட்டாயம். அடக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. இங்கே சொன்ன காரணம், எங்கள் நாட்டில் நிலத்தடி நீர் மேலே இருக்கிறது, அடக்கினால் வைரஸ் தண்ணீரில் கலந்துவிடும் என்பது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இது மார்க்கப் பிரச்சினை என்றுதான் நாங்கள் எல்லோரும் பேசினோம். அது சரிதான். ஆனால் அதன் அடியில் இருந்தது ஒரு சுற்றாடல் தரவு. எந்த ஊரில் நிலத்தடி நீர் எத்தனை அடியில் இருக்கிறது? மாரியில் எவ்வளவு, கோடையில் எவ்வளவு? குழாய்க்கிணறு அடிக்கும் நீர்வளச் சபை 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த நிறுவனம், அரை நூற்றாண்டாக இந்த நாட்டின் நிலத்தைத் துளைத்துப் பார்த்திருக்கிறது. அந்த எண்களை ஊர் ஊராக மேசையில் விரித்து வைத்து, "இதோ இந்த ஆழத்தில் தண்ணீர், ஆகவே இங்கே முடியாது, அங்கே முடியும்" என்று யாராவது பேசினார்களா? நிபுணர் குழு சொன்னது என்றார்கள். குழு எந்த அளவையைப் பார்த்துச் சொன்னது என்பதை மக்கள் சரிபார்க்க வழி வைக்கவில்லை. 2020 டிசம்பர் 1 அன்று உயர் நீதிமன்றமும் மனுக்களைக் காரணம் கூறாமல் தள்ளுபடி செய்தது. அந்த மாதத்தில்தான் பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையை எரித்தார்கள். பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். நானும் என் வீட்டு கேற்றில் கட்டினேன்.

2021 பெப்ரவரி 25 அன்று வர்த்தமானி மாறியது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடி, மஜ்மா நகரில் அடக்கினோம். 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். எல்லா மார்க்கத்தவரும் உண்டு. அதற்கு முன்னர் எரிக்கப்பட்ட எங்கள் ஆட்கள் 270க்கும் அதிகம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. முறையாக அடக்குவதால் நீர்நிலைகளுக்குத் தொற்றுப் பரவவில்லை என்று காட்டிய ஆய்வுகளும் அப்போது முன்வைக்கப்பட்டன. ஆய்வு இருக்கிறது. எரித்தது எரித்ததுதான்.

ஒல்லாந்தரின் தோம்பு எங்கள் மூதாதையரை ஊழியத்துக்கு இழுத்தது. இந்த முறை எண்ணே இல்லாமல், எண் இருக்கிறது என்ற சொல்லை மட்டும் வைத்து, எங்கள் மையித்தை எங்களிடமிருந்து எடுத்தார்கள். இரண்டில் எது பெரிய அநியாயம் என்று எனக்கு இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

இப்போது "திறந்த தரவு" என்று ஒரு சொல் ஓடுகிறது. அரசாங்கம் சேர்க்கும் தரவை யாரும் கேட்காமலே, காசில்லாமல், கணினியில் நேரே கூட்டிக் கழிக்கக்கூடிய விதத்தில் வெளியிடுவது. 2009இல் அமெரிக்காவும் 2010இல் பிரித்தானியாவும் அதற்கென்று தளங்களைத் தொடங்கின. இலங்கையும் 2015இல் திறந்த அரசாங்கப் பங்காண்மையில் சேர்ந்தது, எங்களுக்கும் ஒரு திறந்த தரவுத் தளம் இருக்கிறது. போய்ப் பாருங்கள். பல அட்டவணைகள் பழையவை. ஆங்கிலத்தில் கிடைப்பது தமிழில் கிடைக்காது. ஆற்று நீர்மட்டம்கூடப் பிடிஎஃப் தாளாகத்தான் வரும், அதை எடுத்துக் கூட்டிப் பார்க்க ஒரு கெட்டிக்காரப் பிள்ளை வேண்டும். நல்ல காலம், அப்படிச் சில இளைஞர்கள் நாட்டில் இருக்கிறார்கள். பிடிஎஃப்களைத் திரட்டி வரைபடம் போட்டு இலவசமாக விடுகிறார்கள்.

எங்கள் பக்கத்துக்கு இது ஏன் அவசரம் என்றால், சேனாநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவு 770,000 ஏக்கர் அடி. அங்கே நீர் ஏறினால் கல்லோயாவின் கீழே இருக்கும் எங்கள் வட்டைகளுக்கு அது தெரிய வேண்டும். வான்கதவு திறக்கும் செய்தி வானொலியில் வரும்போது சில நேரம் வேளாண்மை ஏற்கெனவே தண்ணீருக்குள் இருக்கும். 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸாப் பிள்ளைகளை உழவு இயந்திரத்தோடு வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. நாடு முழுக்க எச்சரிக்கை இருந்தது உண்மை. ஆனால் அந்த வீதியில் அந்த நேரத்தில் எத்தனை அடி தண்ணீர் ஓடுகிறது என்பதை வீட்டில் இருந்த ஒரு வாப்பா எங்கே பார்ப்பது? அந்தப் பிள்ளைகளின் கபுறுகளை அல்லாஹ் விசாலமாக்குவானாக.

என் வகுப்புக்குத் திரும்பி வருகிறேன். அந்த அலுவலகம் "மேல கேக்கணும்" என்று சொன்ன பிறகு, பிள்ளைகளோடு இருந்து சட்டத்தை வாசித்தோம். அதில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். பிரஜையாக இருந்தால் யாரும் கேட்கலாம். தமிழில் எழுதலாம். எதற்காகக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது, காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருகிறோம், இல்லை என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் தகவல் ஆணைக்குழு. ஊருக்கு வரும் கொங்கிறீற்று வீதி, வடிகான் வேலை பற்றியும் இப்படிக் கேட்கலாம். அதற்கு அரசியல்வாதியின் வீட்டு வாசலில் நிற்கத் தேவையில்லை.

கடிதத்தை அந்தப் பிள்ளையே எழுதினாள். அவளுக்கு இன்னும் பதினாறு வயது ஆகவில்லை என்பதால் நான் கையொப்பம் வைத்தேன். மூன்றே கேள்விகள். கடந்த இருபது வருடங்களில் எங்கள் ஊருக்கு மிகக் கிட்டிய நீர்மானியில் ஒவ்வொரு வருடமும் பதிவான ஆகக் கூடிய நீர்மட்டம் என்ன? வெள்ளத்தால் பிரதான வீதி எந்தெந்தத் திகதிகளில் மூடப்பட்டது? இந்தப் பதிவுகளைப் பொதுமக்கள் தொடர்ந்து பார்க்க ஏதாவது வழி உண்டா? மூன்றாவது கேள்வி நான் சொல்லிக் கொடுத்தது அல்ல.

போன திங்கட்கிழமை நேரில் கொண்டு போய்க் கொடுத்து, கிடைத்ததற்கான துண்டையும் எழுதி வாங்கினோம். அதே நல்ல உத்தியோகத்தர்தான். வாசித்துவிட்டுச் சிரித்தார். "இப்பிடி எழுத்தில வந்தா எனக்கும் லேசி சேர்" என்றார்.

பதில் வருவதற்குள் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. சோடாப் போத்தலை வெட்டி, அளவுகோல் ஒட்டி, பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மழைமானி வைத்திருக்கிறார்கள். காலை 8.30க்குப் பார்த்து கேற்றுக்கு வெளியே இருக்கும் கரும்பலகையில் எழுதுகிறார்கள். நேற்று 12 மில்லிமீற்றர். கீழே யாரோ ஒரு வட்டைவிதானை தன் தொலைபேசி இலக்கத்தை எழுதி, மாரி முடியும் வரைக்கும் ஒவ்வொரு நாளும் தனக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்.